மத்தியான டிக்

மத்தியானம் பெரியவர் ஆபீசுக்கு வருவதற்குள் மருமகள் அன்றைய வேலைகளை எல்லாம் முடித்துவிடுவாள். முடிப்பது என்றால், கம்ப்யூட்டரில்.

ஆபீஸ் என்பது தெருவைப் பார்த்த ஒற்றை அறை. சுவரோரம் இரும்பு அலமாரி, அதில் கிரீஸ் டப்பாக்கள், பழைய லிஃப்ட் பட்டன்கள், சுருட்டி வைத்த கம்பி. லிஃப்ட் பழுது பார்க்கிற குடும்பம் அது. பெரியவர் தொடங்கிய தொழில். அவருக்கு முழங்கால் தேய்ந்த பிறகு மூத்த மகனும் சின்ன மகனும் ஏறி இறங்கினார்கள். மூத்தவனைக் கட்டிக்கொண்டு வந்தவள் மேசைக்கு வந்தாள். மேசைமேல் இருந்த கம்ப்யூட்டரின் திரையில் எப்போதும் வேலைப் பட்டியல் திறந்தே கிடக்கும். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு சின்ன வட்டம். அழுத்தினால் டிக் விழும், ‘டிங்’ என்று ஒரு சத்தம் வரும், வரி வெளுத்துப்போய்க் கீழே இறங்கிவிடும். அந்தச் சத்தம் அவளுக்குப் பிடிக்கும். எங்கோ தூரத்து வீட்டில் யாரோ கண்ணாடி டம்ளரைக் கரண்டியால் தட்டி, எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது என்று சொல்வது போலிருக்கும்.

பெரியவருக்குப் பிடிக்காதது டிக் விழாத வரி. அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று உரக்கப் படிப்பார். “‘ஆஸ்பத்திரி லிஃப்ட், கதவு உருளை.’ இது ஏன் இன்னும் நிக்குது?” என்பார். அங்கேயே நின்றபடி மகனுக்குப் போன் போடுவார். திட்டு வாங்கியவன் அவசர அவசரமாக வேலையை முடிப்பான். அவசரத்தில் முடித்தது மறுநாள் காலையிலேயே பல்லை இளிக்கும். ராத்திரி ஆளுக்கொரு மூலையில் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். அவர் வருவதற்குச் சற்று முன்னால் எல்லா வட்டங்களுக்கும் டிக். அவர் வந்து, படித்து, “ம்” என்று சொல்லிவிட்டுப் போனதும், ஒவ்வொன்றாகப் பழையபடி எடுத்துவிடுவாள். பொய் சொல்கிறோம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. சாயங்காலத்துக்குள் எப்படியும் உண்மையாகிவிடப் போவதைக் கொஞ்சம் முன்கூட்டிச் சொல்கிறாள், அவ்வளவுதான். பட்டியல் அந்த ஒரு கம்ப்யூட்டருக்குள்தானே இருக்கிறது? அதனால் யாருக்கு என்ன கெட்டுப்போகும்?

போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அது அந்த ஒரு கம்ப்யூட்டருக்குள்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சின்னவன் எல்லார் போனையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பட்டியலை அவற்றிலும் சேர்த்தான். காரணம் கூச்சல். லிஃப்ட் ஓடும் கூண்டுக்கு அடியில் இருக்கிற பள்ளத்தில் ஒருவன், மொட்டைமாடியை ஒட்டிய மோட்டார் அறையில் ஒருவன் என்று வேலை பார்க்கும்போது, முடிந்ததா முடியவில்லையா என்று கிணற்றுக்குள் கத்துவதுபோல் கத்த வேண்டும். குடியிருப்பவர்கள் புகார் சொல்லியிருந்தார்கள். பள்ளத்துக்குள் போனுக்கு சிக்னல் கிடையாது. “இனிமே அண்ணன் வேலைய முடிச்சிட்டு மேல ஏறி வந்து ஒரு டிக் போட்டாப் போதும். என் போன்ல டிங்னு வரும். நான் கரண்ட்டப் போட்டுருவேன். தொண்டைக்கு ஓய்வு” என்றான் சின்னவன்.

“உன் தொண்டைக்கா? எங்க காதுக்குன்னு சொல்லு” என்று அவள்தான் சிரித்தாள். எல்லாம் தெரிந்துதான் சிரித்தாள். ஆனால் தெரிந்த விஷயம் தலையில் இருந்தது. மத்தியான டிக் விரல்களில் இருந்தது.

அதற்குப் பிறகு வந்த முதல் பள்ளத்து வேலை இன்றைக்குத்தான். அண்ணன் தம்பி இருவரும் ஏழு மாடிக் குடியிருப்பு ஒன்றில் இருந்தார்கள். பழைய லிஃப்ட். கரண்ட் நின்று திரும்ப வந்தால் யாரும் கூப்பிடாமலே தரைத்தளத்துக்கு இறங்கி வந்து நிற்கும். அதன் சுபாவம் அது. அடியிலிருந்த பள்ளம் இடுப்பளவு ஆழம்தான். உள்ளே நிற்பவன் தன்னைக் காத்துக்கொள்ளப் பள்ளத்துச் சுவரில் ஒரு சிவப்பு நிறுத்தப் பட்டன் உண்டு. மூத்தவன் இன்றைக்கு மாற்றப் போயிருந்ததே அந்தப் பட்டனைத்தான்.

அவள் டீயை ஒரு மடக்குக் குடித்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். மவுஸை நகர்த்தினாள். டிங். டிங். டிங். டிங். திரை வெள்ளையாக, அமைதியாக, விடிகாலைக் கடற்கரைபோல் ஆனது.

பெரியவர் உள்ளே வந்தார். வெயிலில் நடந்து வந்தவர், வழக்கம்போல் மேசைக்கடியில் குனிந்து, மினுக்கிக்கொண்டிருந்த இன்டர்நெட் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். அந்த இடத்தில் மேசை விசிறியின் பிளக்கைச் செருகினார். கம்ப்யூட்டருக்குப் போக அறையில் மிச்சமிருப்பது ஒரே ஒரு உருப்படியான பிளக் பாயின்ட். “இந்தப் பொட்டி கண்ண மினுக்கிட்டிருக்கிறதுல யாருக்கு என்ன லாபம்? நமக்குக் காத்து வேணும்” என்றார்.

“ஆமா மாமா” என்றாள்.

அவர் பின்னால் வந்து நின்றார். “‘பள்ளம் வேலை முடிந்தது.’ அட. எனக்கே அதுல அரை நாள் போகும். பையன் தேறிட்டான்.” விசிறிக் காற்றில் சட்டையை உதறிக்கொண்டார். “அப்போ இந்நேரம் சின்னவன் கரண்ட்டப் போட்டிருப்பான்.”

அவளுக்கு முதலில் விரல் நுனிகள் சில்லிட்டன. அப்புறம்தான் ஏன் என்று புரிந்தது.

அந்த வரியின் டிக்கை எடுத்தாள். வட்டம் காலியானது. பக்கத்தில் ஒரு சாம்பல் நிற மேகமும் அதன் குறுக்கே ஒரு கோடும் தோன்றின. இன்டர்நெட் இல்லை. அவள் எடுத்தது இந்த அறையைத் தாண்டிப் போகாது. ஆனால் போட்டது? அவர் பிளக்கைப் பிடுங்குவதற்கு முன்னால் போட்டது. அது போயிருக்கும். போயிருக்காமலும் இருக்கலாம்.

“மாமா, அந்தப் பிளக்க ஒரு நிமிஷம் மாத்திக் குடுங்களேன்.”

“எதுக்கு?”

“ஒரு... ஒரு எழுத்துப் பிழை. திருத்தணும்.”

“சாப்பிட்டுட்டு வந்து திருத்து. பிழை எங்க ஓடிப் போகுது?”

அவள் தானே குனிந்து மாற்றினாள். விசிறி சோர்ந்து நின்றது. பெட்டியில் ஒரு விளக்கு எரிந்தது. இன்னும் மூன்று எரிய வேண்டும். அவை யோசித்து யோசித்துத்தான் எரியும். இடது கையால் சின்னவனுக்குப் போன் போட்டாள். அடித்தது, அடித்தது, துண்டானது. உடனே ஒரு செய்தி வந்தது: ‘அண்ணி, நான் பிஸி. வெங்காயம் சாயங்காலம் கண்டிப்பா.’ நேற்று வெங்காயத்துக்காக மூன்று தடவை கூப்பிட்டிருந்தாள். கணவனுக்குப் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது ஒரு பெண்குரல், மிகவும் பொறுமையாக.

“என்னம்மா, முகம் ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?”

இன்னும் ஒரு பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. நல்ல பொய். அதைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரமாகுமோ, அவ்வளவு நேரம் அவள் புருஷன் ஒரு லிஃப்ட்டுக்கு அடியில் நின்றுகொண்டிருப்பான்.

“மாமா, அவர் இன்னும் பள்ளத்துலதான் இருக்கார். வேலை முடியல. நான் பொய்யா டிக் போட்டேன். நீங்க வர்றதுக்கு முன்னாடி தினமும் போடுவேன். இப்போ அது தம்பி போனுக்குப் போயிருக்கும். நான் கூப்பிட்டா எடுக்க மாட்டேங்கறான்.”

அவர் அவளைப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்தார். கட்டைவிரல் தவறி வேறு யாரோ பெயரில் போய் நின்றது. அவள் பிடுங்கி அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, இருவருக்கும் நடுவில் நீட்டினாள். அப்பா கூப்பிட்டால் சின்னவன் தூக்கத்திலும் எடுப்பான்.

“சொல்லுங்கப்பா.”

“கைய எடு.”

“எதுலேர்ந்து?”

“கை எதுல இருக்கோ அதுலேர்ந்து. கரண்ட்டப் போடாத. அண்ணன் கீழ இருக்கான்.”

மொட்டைமாடிக் காற்று மட்டும் போனுக்குள் கரகரத்தது.

“போட்டுட்டேனேப்பா” என்றான் சின்னவன். “அண்ணன் டிக் போட்டிருந்துச்சே.”

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆனா லிஃப்ட் அசையல” என்று அந்தக் குரல் தொடர்ந்தது. “பாத்தா மூணு ஃபியூஸ் கட்டையும் காணோம். எவனோ கழட்டிட்டுப் போயிருக்கான். அதான் ஸ்விட்ச இறக்கிட்டு, என் பெட்டியிலேர்ந்து வேற எடுத்து மாட்டிட்டிருக்கேன். ரெண்டு மாட்டியாச்சு. மூணாவது கையில இருக்கு.”

“அதைக் கீழ வை” என்றார் பெரியவர். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி அவள் கேட்டதில்லை. “மாட்டினதையும் கழட்டு. கழட்டிட்டுக் கீழ ஓடு. போன வைக்காத.”

பீங்கான் கட்டைகள் தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. பிறகு செருப்புச் சத்தம். ஏழு மாடிப் படிகள். ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரில் கை அறைகிற ஓசை, இரைக்கிற மூச்சு. யாரோ ஒரு குழந்தை “இந்த அண்ணா ஏன் ஓடுறாங்க?” என்று கேட்டது. ஆபீசில் மாமனாரும் மருமகளும் ஒரு சின்னப் போனை நடுவில் வைத்துக்கொண்டு, முதன்முதலாக ஒரே பக்கத்தில் நின்றார்கள். இன்டர்நெட் பெட்டியில் கடைசி விளக்கும் எரிந்தது. திரையில் மேகம் மறைந்தது. இருவரும் பார்க்கவில்லை.

“அண்ணே!” எதிரொலி. “அண்ணே!”

ஒன்றுமில்லை.

அப்புறம், எங்கோ அடியிலிருந்து: “ஏன்டா தொண்டை கிழியக் கத்துற? அதுக்குத்தான போன்ல எல்லாம் சேர்த்த?”

பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அது அவளுடைய நாற்காலி. அதில் அவர் உட்கார்ந்ததே இல்லை.

சாப்பாட்டு நேரத்துக்கு மூத்தவன் வந்தான். முழங்கைவரை கருப்பு, தலையில் ஒட்டடை. அப்பா வாசலில் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். மூத்தவன் காற்சட்டைப் பைகளிலிருந்து மூன்று வெள்ளைப் பீங்கான் கட்டைகளை எடுத்து விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தான்.

“நீங்கதானா?” என்றாள்.

“சின்னவன் டீ வாங்கப் போனப்ப கழட்டினேன்.”

“ஏன்?”

அவன் வாசலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். “ரெண்டு மாசம் முன்னாடி எனக்குக் காய்ச்சல், ஞாபகம் இருக்கா? நாள் முழுக்கப் படுத்திருந்தேன். சாயங்காலம் மாத்திரை வாங்கப் போனவன் இங்க எட்டிப் பாத்தா, அன்னைக்கு நான் மூணு லிஃப்ட் சரி பண்ணியிருக்கேன். நீ டிக்க எடுக்க மறந்துட்ட.”

“அப்பவே கேட்டிருக்கலாமே.”

“கேட்டா நிறுத்திருவ. நிறுத்தினா இவர் போன் போட ஆரம்பிச்சிருவார்.” சிரிக்கப் பார்த்தான். “எனக்கும் வசதியாத்தான் இருந்துச்சு.”

“ஞாயித்துக்கிழமை தம்பி எல்லார் போன்லயும் சேர்த்தப்போ?”

“சொல்லணும்னுதான் இருந்தேன். எல்லாரும் சிரிச்சிட்டு இருந்தீங்க. அப்புறம்... கட்டையக் கழட்டிப் பையில போடுறது சுலபமா இருந்துச்சு. இது என்கிட்ட இருக்கிற வரைக்கும் நீ ஆயிரம் டிக் போட்டுக்கோ, எனக்கு ஒண்ணும் ஆகாது.” அந்தக் கடைசி வார்த்தைகளில் லேசான பெருமை இருந்தது.

அவள் அவனையே பார்த்தாள். அவனுக்கு யாரும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“தம்பி பெட்டியில வேற கட்டை இருந்துச்சு” என்றாள். “ரெண்டு மாட்டிட்டான். மாமா கூப்பிடும்போது மூணாவது அவன் கையில இருந்துச்சு.”

மூத்தவன் கருப்புக் கையால் அலமாரியைப் பிடித்தான். டப்பா ஒன்று உருண்டு விழுந்து, தரையெல்லாம் லிஃப்ட் பட்டன்கள் சிதறின. யாரும் குனியவில்லை.

வாசலிலிருந்து பெரியவர் திரும்பாமலே கேட்டார். “நீ பயந்தது எனக்காம்மா?”

அவள் யோசித்துத்தான் சொன்னாள். “உங்க குரலுக்கு, மாமா.”

அவர் தலையசைத்தார். தெருவில் எதையோ தேடுகிறவர்போல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு நடந்து போய்விட்டார்.

மறுநாள் அவர் வருவாரா என்று தெரியவில்லை. வெயில் ஏற ஏற அவள் விரல்கள் தாமாகவே மவுஸைத் தேடிப் போயின. இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டாள். திரையில் ஐந்து வரிகள். ஒன்றில் மட்டும் டிக். அதையும் காலையில் சின்னவன், மாடிப்படியில் உட்கார்ந்து, தானே போட்டிருந்தான். மீதி நான்கு வட்டங்களும் காலியாக அவளைப் பார்த்தன.

வெளியே அவருடைய நடை கேட்டது. உள்ளே வந்தார். மேசைக்கடியில் குனிந்தார். மினுக்கும் பெட்டியின் பிளக் வரைக்கும் கை போனது; அங்கேயே நின்றது; வெறுமனே திரும்பி வந்தது. விசிறி ஓடாத அறையில், அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். அவர் மூச்சு அவள் கழுத்தில் பட்டது. படிக்கிறார் என்று தெரிந்தது. முதல் வட்டம். இரண்டாவது. மூன்றாவது.

“இது ஏன்...” என்று ஆரம்பித்தார்.

அவள் காத்திருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. கைகளையும் மடியிலிருந்து எடுக்கவில்லை.

பின்னால் கைக்குட்டையால் அவர் கழுத்தைத் துடைத்துக்கொள்வது கேட்டது.

“சாப்பிட்டியாம்மா?” என்றார்.