காரணம் தெரியாமல் விலகியோர்

மாத்தளையில் ஆய்வுக் கட்டுரை வாசிக்கக் கற்பித்த முதல் ஆசிரியர் தாம்தான் என்று ரபாயேல் சேர் சொல்லிக்கொள்வார். மறுத்துப் பேச இரண்டாமவர் இல்லை. தொண்ணூற்றேழாம் ஆண்டு உயர்தர விஞ்ஞான வகுப்புக்கு அவர் வகுத்த முறை எளிது: கட்டுரையின் சுருக்கத்தையும் முடிவையும் கடைசி வாங்கில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கும்படி ஆங்கிலத்தில் முழங்க வேண்டும். தமிழ்த்தினப் போட்டிக்குப் பேச்சாளர்களைத் தயார்செய்து பழகியவர் அவர். நடுவிலிருக்கும் அட்டவணைகளை ஏற்ற இறக்கத்தோடு வாசிக்க முடியாது. ஆகவே அவை பாடத்தில் இல்லை.

அந்தத் தவணைக்கான கட்டுரை, இரத்தோட்டைப் பக்கத் தோட்டமொன்றில் கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்துக் குளிசை கொடுத்துப் பார்த்தது பற்றியது. லூசியா அந்தத் தோட்டத்துப் பிள்ளை. சில வருடங்களுக்கு முன் ஜீப்பில் வந்த ஆய்வுக்காரர்கள், அப்போது கர்ப்பமாயிருந்த அவள் அம்மா ஜோசப்பினுக்கும் குளிசை கொடுத்து, விரலில் இரத்தம் எடுத்துப் போயிருந்தார்கள். அவர்கள் மறுபடி வருவதற்குள், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் தோட்டத்து லொறியிலேயே ஜோசப்பின் இறந்துபோனாள்.

"அம்மா பேரு அதுல போட்டிருப்பாங்க. பாத்துட்டு வாம்மா," என்று அப்பா மைக்கல் சொல்லியனுப்பியிருந்தார். "நம்ம தோட்டத்து லயத்துல ஒருத்தரு பேரும் இங்கிலீசுல அச்சானதில்ல."

பெயர் போடமாட்டார்கள் என்று லூசியாவுக்குத் தெரியும். இறந்ததையாவது எழுதியிருப்பார்கள் என்று தேடினாள். சுருக்கத்தில் இல்லை. முடிவில் 'தாய்மார் நலமடைந்தனர்' என்றிருந்தது. பாடத்தில் இல்லாத நடுப்பகுதியில், அட்டவணைக்குக் கீழே, பொடி எழுத்தில் ஒரு வரி: காரணம் தெரியாமல் விலகியோர் எழுவர்.

"சேர், இதுல எங்கம்மாவும் ஒருத்தங்களா?"

"அடிக்குறிப்பெல்லாம் யாரும்மா வாசிப்பாங்க? 'சிக்னிபிகன்ட்'ங்கிற சொல்ல அழுத்திச் சொல்லிப் பழகு. கட்டுரை எழுதின பேராசிரியரே நம்ம வாசிப்புப் போட்டிக்குப் பிரதம விருந்தினரா வாறாரு."

போட்டியன்று பிரதம விருந்தினரின் வாகனத்தைச் சோதனைச் சாவடியில் மறித்து வைத்திருந்தார்கள். அதற்குள் தம்புள்ளையிலிருந்து வந்த மரக்கறி ஏற்றிய வானை அவருடைய வாகனமென்று எண்ணிப் பள்ளி பாண்ட் அணி ஒருமுறை முழங்கி ஓய்ந்தது.

லூசியா வாசித்தாள். கைதட்டல் அடங்கிய பிறகும் மேடையை விட்டு இறங்கவில்லை.

"ஐயா, எங்கம்மா விலகல. செத்துட்டாங்க. அத எழுதுவீங்களா?"

ரபாயேல் சேர் வியர்வையைத் துடைத்தார். பேராசிரியர் நல்லவர், நல்லவர்களுக்குரிய பொறுமையோடு சொன்னார்:

"அச்சாகி முடிஞ்சுது, மகள். ஏழு பேர்தானே. முடிவை அது பாதிக்காது."

வகுப்புத் தோழி ஹமீமா மேடைக்குக் கீழே காத்திருந்தாள். "கேள்வி கேட்டதுக்கு சேர் ஒனக்கு மார்க் வெட்டிட்டாராம்டி. வெட்டியும் நீதான் முதலாவது. ஒப்பாரியக் கூட இங்கிலீசுல வெச்சிருந்தா முழு மார்க்கும் தந்திருப்பாரு." சொல்லிவிட்டு, லூசியாவின் முகத்தைப் பார்த்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மைக்கல் லயத்தில் அவர்கள் வீடான காம்பிராவின் வாசலிலேயே நின்றார்.

"அம்மா பேரு இருக்கா?"

லூசியா தாளை விரித்தாள். பொடி எழுத்து வரியின் மேல் விரலை வைத்தாள்.

"இருக்குப்பா."

அவர் கைகளை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு குனிந்தார்.

"இம்புட்டுச் சின்னதாவா?"

"பேரெல்லாம் அப்பிடித்தாம்ப்பா போடுவாங்க."

"மத்தவங்க பேரு?"

"போடல."

"அப்ப நம்ம அம்மாவுக்கு மட்டுந்தான்," என்றார் மைக்கல். பக்கத்துக் காம்பிராக்காரர்களைக் கூட்டிவர வேகமாக நடந்தார்.

அவர்கள் வரும்வரை லூசியா அந்த வரியிலிருந்து விரலை எடுக்கவில்லை.