கை நனைக்காத மேசை

1

இந்தக் கதை என்னுடையதில்லை. மூணாற்றில் வெள்ளைக்காரன் காலத்து ஹோட்டல் ஒன்றில் டீ பரிமாறும் பேரராக இருந்த சிலுவைராஜ் சொன்னது. "எழுபத்தி நாலுல ஒரு கூட்டம் வந்துச்சுல. டீய வாங்கி வச்சிட்டு ஒருத்தரும் தொடல. சாமிக்குப் படைச்ச மாதிரி உக்காந்திருந்தாவ."

நான் அந்த ஹோட்டலுக்குள் போனதில்லை. டீ ஃபாக்டரி நைட் ஷிப்ட் வேலையைப் பாதியில் விட்டுக் கதை எழுத வந்தவனை அங்கே யார் கூப்பிடுவார்கள்?

2

'மாலை மூடுபனி தேயிலைச் சரிவுகளில் மெல்ல...'

வேண்டாம். பனியை எல்லாரும் எழுதிவிட்டார்கள்.

பெண் மயிலாத்தாள், ஊர் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை. அவள் அப்பா ரத்தினசாமி. பையன் சின்னையன், எஸ்டேட் ஆபீஸில் கிளார்க். லீவு கிடைக்கவில்லை, பெண்ணையே கூட்டி வாருங்கள் என்றவர் அவன் அப்பா ஆறுச்சாமி. (அம்மாக்களும் வந்திருப்பார்கள். நாலு பேருக்கு மேல் என்னால் சமாளிக்க முடியாது.)

பேச்சு முடியும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது. ஒரு வாய் குடித்தாலும் சம்மதம் என்று அர்த்தம். அதனால்தான் பொது இடமாக ஹோட்டல். ரத்தினசாமி அவசரப்பட்டு எல்லாருக்கும் டீ சொல்லிவிட்டார்.

3

சூடு ஆறாமலிருக்கக் கெட்டிலுக்குத் துணிக் குல்லா போட்டு டீ வந்தது.

"குடியுங்க, ஆறுது" என்றார் ரத்தினசாமி.

"எப்படீங்க குடிக்கறது? நீங்க சொன்ன டீ. உங்க ஊட்டுல கை நனைச்ச மாதிரி ஆயிருமுங்க" என்றார் ஆறுச்சாமி.

"இது வெள்ளைக்காரன் ஊடுங்க!"

"அப்ப அவன்கிட்டயே பொண்ணு கேட்டுக்கறமுங்க."

சின்னையன் சிரித்தான். அப்பா திரும்பிப் பார்த்ததும் நிறுத்தினான்.

(மயிலாத்தாளைத் தலைகுனிந்து உட்காரவைத்திருந்தேன். விடியுமுன் பஸ் ஏறியவள். பசி இருக்கும். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

டீயோடு வந்த, ஓரம் வெட்டிய ரொட்டியை எடுத்துத் தின்றாள்.

"ஏ மயிலா!" என்று அதட்டினார் ரத்தினசாமி.

"எங்கப்பன் சோத்துல தெனமும் கை நனைக்கறவதானுங்க நானு" என்றாள், ஆறுச்சாமியைப் பார்த்து.

பிறகு சின்னையனைப் பார்த்தாள். "டீ வேணுங்களா, வேண்டாங்களா? உங்கப்பாருகிட்டக் கேக்கலீங்க. உங்களைத்தானுங்க."

அவளுக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: வாழப்போவது இவனோடா, இவன் அப்பாவோடா.

4

முடிவு அ: குடித்தான். மேளம். மூன்று வரி எழுதினேன், சினிமா மாதிரி இருந்தது.

முடிவு ஆ: அப்பாவைப் பார்த்தான். அவள் எழுந்து போனாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. என் நிம்மதிக்காக ஒருத்தியை மலை இறக்கி அனுப்பக் கூடாது.

சிலுவைராஜைக் கேட்டேன். "வெந்நி எடுக்கப் போயிட்டேம்ல" என்றான்.

ஆகவே இப்படி நிறுத்துகிறேன். சின்னையன் கோப்பையின் காதைப் பிடித்திருக்கிறான். தூக்கவில்லை. மயிலாத்தாள் அவசரப்படுத்தவில்லை.

குடிப்பானா என்று என்னைக் கேட்காதீர்கள். குடித்துவிட்டான் என்றே வையுங்கள். ஒரு வாய் டீக்கு இவ்வளவு நேரம் யோசித்தவனை, அவள் இடத்தில் இருந்தால் நீங்கள் கட்டிக்கொள்வீர்களா?