இரவல் மேசை

அப்பா கடைசியாகப் பங்கு பிரித்தது இரண்டே பொருளைத்தான். "மீன் தொட்டி சின்னவளுக்கு. அது நின்ன மேசை பெரியவளுக்கு" என்றார். அவர் போய் ஒரு மாதமாகியும் பெரியவளுக்கு எரிச்சல் தணியவில்லை. உயிருள்ளது அவளுக்கு, கட்டை எனக்கு. பிறந்ததிலிருந்து இதே கதைதான்.

மேசையைக் கூடத்தில் போட்டு அதன்மேல் வைத்துத் துணிக்கு இஸ்திரி போட்டாள். மீன்கள் தங்கை வீட்டில் ஒரு நீல டிரம்முக்குள் சுற்றிக்கொண்டிருந்தன. தங்கை வந்து மேசையைக் கேட்டால் முடியாது என்று சொல்ல இவள் தயாராகவே இருந்தாள். அவளோ கேட்கவேயில்லை. "அக்கா, தொட்டி வைக்க ஏதாவது வாங்கணும். உனக்குத்தான் மரம் தெரியும், கூட வா" என்று மட்டும் சொன்னாள்.

பழைய சாமான் கடையில் தங்கை நேராக ஒரு வெள்ளை அலமாரியிடம் போய் நின்றாள். இடுப்பு உயரம், வழவழப்பு, நான்கு இழுப்பறை.

"யானையையே ஏத்தலாம்மா," என்றார் கடைக்காரர்.

"யானை வேணாம்ண்ணே, எட்டு தங்கமீன்தான்."

பெரியவள் கீழ் இழுப்பறையை உருவி உள்ளே கை விட்டாள். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. மூலையில் ஏற்கெனவே ஈரம் பட்டு உப்பியிருந்தது. தண்ணீர் நிறைந்தால் அந்தத் தொட்டி நாலு ஆள் ஏறி நிற்கிற பாரம்.

"எப்படிக்கா?"

இழுப்பறையை மூடினாள். "உனக்குப் பிடிச்சா சரி."

உடையட்டும். அப்பா யாரை நம்பிக் கொடுத்தார் என்று எல்லோரும் பார்க்கட்டும். நினைக்க இனிப்பாகத்தான் இருந்தது.

தங்கை அலமாரிமேல் துள்ளி ஏறி உட்கார்ந்து பக்கத்தில் தட்டினாள். "வா, ஏறு. அப்பா இப்படித்தானே பார்ப்பாரு?" எந்தச் சாமான் வாங்கினாலும் இரண்டு பெண்களையும் மேலே உட்கார வைத்துவிட்டு, குனிந்து அதன் கால்களைப் பார்ப்பது அவர் வழக்கம்.

"இறங்குடி கழுதை," என்றாள் பெரியவள். "உள்ளே பூரா தூளு. மீனெல்லாம் தரையில கிடக்கும்."

"அப்புறம் ஏன் சரின்னே?"

தங்கை மெல்ல இறங்கினாள்.

"மேசையைக் கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

"மாட்டேன்."

"தெரியும். அவர் கையால செஞ்சது அது ஒண்ணுதான். அதை உனக்குக் குடுத்துட்டு, எனக்குக் கடையில வாங்கின கண்ணாடியைக் குடுத்தாரு. அந்த வயித்தெரிச்சல்ல உங்கிட்ட வந்து எப்படிக் கேப்பேன்?"

தன்னைப் பார்த்தும் ஒருத்தி வயிறெரிவாள் என்று பெரியவள் நினைத்ததேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேசை தங்கை வீட்டுக்குப் போனது. "இரவல்தான், ஞாபகம் வச்சுக்கோ" என்று பெரியவள் வாசலிலேயே சொன்னாள்.

"சரிம்மா, முதலாளி."

வாளி வாளியாகத் தண்ணீர் ஏறியது. தங்கையும் அவள் பிள்ளைகளும் கண்ணாடியில் மூக்கை ஒட்டி மீன்களைப் பார்த்தார்கள். பெரியவள் தரையில் குந்தி மேசைக் கால்களைப் பார்த்தாள். நான்கும் அசையவில்லை. அவளுக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.