ஊசி போட்ட மேட்டான்

அந்த ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவன் "மேடு". பெற்றவர்கள் வைத்த பெயர் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்ப்பானா என்பது சந்தேகம்தான். ஸ்ட்ரெச்சர் தள்ளுவது அவன் வேலை. அவசரப் பிரிவிலிருந்து எக்ஸ்ரே அறைக்கு, அங்கிருந்து வார்டுக்கு, சில சமயம் வார்டிலிருந்து பிணவறைக்கு.

மேடு என்பது நகரத்துக்கு மேற்கே இருக்கும் வறண்ட பூமி. அங்கிருந்து பிழைக்க வந்த யாராயிருந்தாலும் நகரத்துக்காரர்களுக்கு அவன் "மேட்டான்". வெறும் ஊர் அடையாளமாக இருந்தால் தொலையட்டும் என்று விடலாம். மேட்டான் என்றால் மண்டையில் ஒன்றும் ஏறாதவன், கால் விரலை இடித்துக்கொண்டாலே காலே போய்விட்டது என்று ஊரைக் கூட்டுகிறவன் என்றெல்லாம் அதற்குள் பொதிந்து வைத்திருந்தார்கள். அந்தப் பக்கத்துப் பேச்சில் கடைசி எழுத்து கொஞ்சம் இழுபடும். வலி வந்தால் இன்னும் இழுபடும். அதைக் கேட்டால் நகரத்துக்காரர்களுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். மேட்டுக்காரர்களே தங்களுக்குள் தோளில் கைபோட்டு "என்னடா மேட்டான்" என்று கொஞ்சிக்கொள்வது வேறு கதை. வார்த்தை ஒன்றுதான், ஆனால் காவலாளி வாயிலிருந்து வரும்போது அதில் எச்சில் தெறித்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாசல் காவலாளி அப்படிக் கூப்பிட்டபோது அவனுக்குச் சுருக்கென்றது. முறைத்தான். "மேட்டானுக்கு வர்ற கோவத்தப் பாரு" என்று அதற்கும் ஒரு சிரிப்பு. முறைத்தாலும் சிரிக்கிறார்கள், பேசாமல் போனாலும் சிரிக்கிறார்கள். சரி, அவர்கள் சொல்வதற்கு முன்னால் நாமே சொல்லிவிட்டால் என்ன என்று அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. பாவி மனுஷனுக்கு வேறு எந்த யோசனையும் தோன்றியிருக்கக் கூடாதா?

டீ நேரத்தில் காலி ஸ்ட்ரெச்சரில் மல்லாந்து படுத்துக்கொள்வான். யாரோ ஊசி போட்ட மாதிரி துள்ளுவான். "ஐயய்யோஓஓ, உசுரு போவுதேஏஏ! பொட்டிய ஊருக்கு அனுப்பிடுங்கோஓஓ!" கையும் காலும் உதறும் உதறலில் ஸ்ட்ரெச்சரே தானாக நகரும். அதற்கு "ஊசி போட்ட மேட்டான்" என்று பெயரும் வந்துவிட்டது. சிரிப்பதற்குக் கூலி கேட்கிற ரகமான பெரிய நர்ஸ்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போதும்டா மேடு, வயிறு வலிக்குது" என்பாள். புதிதாக வருகிற டாக்டர்களுக்கு வரவேற்பே அதுதான். அதன் பிறகு காவலாளி அவனுக்கு டீ வாங்கித் தந்தான். எல்லோரும் அவனை நம்மாள் என்றார்கள்.

நிஜமான மேட்டுக்காரர்கள் நிஜமான வலியோடு வந்து கத்தும்போது நர்ஸ்கள் அவனைப் பார்த்துக் கண் சிமிட்டுவார்கள். "உன் சொந்தக்காரர் வந்திருக்கார், மேடு." அவனும் சிரித்து வைப்பான். சிரித்த பிறகு வாய் கசக்கும். கசந்தால் என்ன, இன்னொரு டீ குடித்தால் போயிற்று.

அன்றைக்குக் காலையில் வந்தது அவனுடைய கூடப்பிறந்த தங்கச்சி.

அவள் புருஷன் சரக்கு லாரி ஓட்டுகிறவர். பொழுது விடிவதற்குள் வண்டி எடுத்திருந்தார். வயிற்றுவலி என்று இவள் போன் செய்ததும், அண்ணன் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கே போ என்று சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரி ஒரு வாடகை வண்டியில் ஏற்றி அனுப்பியிருந்தாள். வாசலில் இறங்கியவள் அண்ணனைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு குரல் எடுத்தாள்.

"அண்ணாஆஆ... வயித்துக்குள்ள என்னமோ வெடிச்ச மாதிரி இருக்கேஏஏ!"

வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மருந்துக் கவுண்டரில் இருந்தவன், "மேடு, அப்படியே உன்ன மாதிரியே பண்றாங்கய்யா!" என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள். அவனுக்கு முகம் சூடேறியது. அவளைத் தூக்கி ஸ்ட்ரெச்சரில் கிடத்தினான்.

இளவயது டாக்டர் வந்து வயிற்றை அழுத்தினார். அவள் போட்ட கத்தலில் அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"எந்தப் பக்கம் இவங்க?"

"மேட்டுப் பக்கம், டாக்டர். நம்ம மேடோட தங்கச்சி" என்றாள் பெரிய நர்ஸ்.

"அதான பாத்தேன்." டாக்டர் சிரித்தார், நல்லபடியாகத்தான் சிரித்தார். "வாயுவா இருக்கும். ஒரு ஊசி போடுங்க. ஸ்கேனுக்கு வரிசைல வரட்டும்."

அவர் கெட்டவர் இல்லை. அங்கே யாருமே கெட்டவர்கள் இல்லை, அதுதான் கொடுமை. ஊசி போட்டார்கள். வலி அடங்கவில்லை. அவள் மறுபடி கத்த, வரிசையில் இருந்தவர்கள் முகம் சுளிக்க, கவுண்டர்க்காரன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான்.

அவன் குனிந்து தங்கச்சியின் காதோடு சொன்னான்: "கத்தாதம்மா. எல்லாரும் பாக்கறாங்க. நான் இங்க வேலை பாக்கறவன், என் மானத்த வாங்காத."

"வலிக்குதுண்ணா."

"தெரியும். பல்லக் கடிச்சிட்டு இரு. நான் சொல்லி சீக்கிரம் பாக்க வைக்கிறேன். சத்தம் மட்டும் போடாத."

அவள் அண்ணனை ஒரு பார்வை பார்த்தாள். சின்ன வயதிலிருந்தே அவன் சொன்னால் தட்டமாட்டாள். ஸ்ட்ரெச்சர் போர்வையின் முனையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

விபத்தில் அடிபட்ட ஒருவரைத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார்கள். போய்த் திரும்பியபோது பெரிய நர்ஸ் விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள். "ஊசி கேட்டுடுச்சு பாத்தியா? அமைதியா தூங்கறாங்க." அவன் தள்ளி நின்றே பார்த்தான். நிம்மதியாக இருந்தது. நிம்மதி மட்டுமா, பெருமையாகவும் இருந்தது. என் தங்கச்சி மற்ற மேட்டுக்காரர்கள் மாதிரி இல்லை என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு ஓடியது. இன்னொரு நோயாளியைத் தள்ளிக்கொண்டு வார்டுக்குப் போனான்.

மறுபடி வந்தபோது கிட்டே போனான். உதட்டில் நிறமே இல்லை. நெற்றி சில்லென்று நனைந்திருந்தது. எத்தனையோ பேரைத் தள்ளியவனுக்கு அந்த முகம் தெரியாதா? அவன் நெஞ்சிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. நகரத்துப் பேச்செல்லாம் எங்கே போனதோ, அது மேட்டுக் குரலாகத்தான் வந்தது.

"டாக்டர்ர்ர்! ஓடி வாங்களேஏஏ! எந் தங்கச்சி உசுரு போவுதேஏஏ!"

உள் அறையில் சிரிப்பு வெடித்தது. "டேய் மேடு, இப்பவாடா? பேஷண்ட் இருக்காங்க!" என்றது ஒரு குரல். இன்னொரு குரல் அவனைப் போலவே இழுத்துப் பாடியது: "பொட்டிய ஊருக்கு அனுப்பிடுங்கோஓஓ!"

அவன் இன்னும் பலமாகக் கத்தினான். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். மேட்டில் வீட்டுக்கு வீடு வெகுதூரம். வலிக்கிறவன் கத்தினால்தான் அடுத்த காட்டில் இருக்கிறவன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வருவான். அங்கே கத்துவது என்றால் ஆளைக் கூப்பிடுவது. யாராவது ஒருத்தர் வந்தே தீருவார்கள். இங்கே யாரும் வராமல் இருக்கும்படி அவனே பழக்கி வைத்திருந்தான்.

கடைசியில் வாசல் காவலாளிதான் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடிப்போய்க் கதவைத் தட்டினான். அதற்குப் பிறகு எல்லோரும் பறந்தார்கள். ரத்தம் ஏற்றினார்கள், ஆபரேஷன் அறைக்குக் கொண்டுபோனார்கள். ஸ்ட்ரெச்சரை அவன்தான் தள்ளினான்.

டாக்டர் வெளியே வந்து சுவரைப் பார்த்துப் பேசினார். கரு கருப்பைக்கு வராமல் குழாயிலேயே தங்கி, குழாய் வெடித்து, வயிறு முழுக்க ரத்தமாம். கொஞ்சம் முன்னால் தெரிந்திருந்தால், என்று ஆரம்பித்து அதை முடிக்காமல் போய்விட்டார்.

பெரிய நர்ஸ் அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். "சத்தியமா எனக்குத் தெரியலப்பா. அவங்க சத்தமே போடலையே. ஒரு வாட்டி கத்தியிருந்தாக்கூட ஓடி வந்திருப்பேனே."

அவள் அதை மனசாரச் சொன்னாள். கத்தியபோது என்ன செய்தீர்கள் என்று கேட்க வேண்டியவன் கையை உருவிக்கொண்டான். கத்தினால் மேட்டான், கத்தாவிட்டால் தூக்கம். அவளுக்கு எந்தப் பக்கமும் வழி விடவில்லை. வழியை அடைத்தவர்களில் மற்றவர்களுக்காவது அவள் யாரோ ஒருத்தி.

சாயங்காலம் தங்கை புருஷன் வந்து சேர்ந்தார். லாரியை எங்கே போட்டுவிட்டு வந்தாரோ, சட்டையெல்லாம் புழுதி. பிணவறையில் அவளைப் பார்த்துவிட்டு வெளியே வந்து பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீங்க இருக்கற எடம்னுதான் மச்சான் தைரியமா அனுப்பினேன்" என்றார். "ரொம்பக் கத்தினாளா?"

"இல்ல மாப்ள. கத்தல."

அவர் முகம் லேசாகத் தெளிந்தது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை நம்பிக்கையோடு பார்த்தார்.

"அப்ப ரொம்ப வலிச்சிருக்காது, இல்ல மச்சான்?"

"வலிச்சிருக்காது, மாப்ள" என்றான் அவன்.