பக்கத்துச் சீட்டுக்குத் தனிக்காசு

அதற்குமா காசு, புருஷன் பெண்டாட்டி பக்கத்தில் பக்கத்தில் உட்காருவதற்குமா, என்று ஜெபமணி கேட்டபோது ஏர்போர்ட் கவுன்டர் பெண் சிரித்தாளா இல்லையா, இப்போது யோசித்தால் சரியாக நினைவில்லை, சிரித்த மாதிரித்தான் இருந்தது... ஆமா மேடம், சேர்ந்து வேணும்னா சீட் செலக்ட் பண்ணணும், அதுக்குத் தனி சார்ஜ், இல்லன்னா சிஸ்டம் எது குடுக்குதோ அதுதான், என்றாள், சிஸ்டம் இவளுக்கு முன்பக்கம் ஒரு நடுச்சீட்டையும் அவருக்கு வால்பக்கம் எங்கேயோ ஒன்றையும் கொடுத்தது, அருள்ஜோசப் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை, "ரெண்டு மூணு மணி நேரந்தானே, கம்முனு உக்காந்தா போயிச் சேந்துடலாம்" என்று துண்டுச்சீட்டுகளை வாங்கிக்கொண்டு நடந்துவிட்டார், இவள் பின்னாலேயே ஓடினாள், ஓடும்போதும் அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருப்பது முதுகில் தெரிந்தது. இப்போது இந்தப் பக்கம் ஜன்னலோரத்தில் காதை அடைத்துக்கொண்டு தூங்கும் ஒரு வாலிபன், அந்தப் பக்கம் பெங்களூர்க்காரி ஒருத்தி, நடுவில் இவள், கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே கோத்து வைத்துக்கொண்டு, கீழே மேகம் இருக்குமாமே, எட்டிப் பார்த்தால் அந்தப் பையனின் தோள்தான் தெரிகிறது. பாகலூர் ரோஜாப் பண்ணையில் பூக்களை நீளம் பார்த்துப் பிரித்துப் பெட்டியில் அடுக்கி ஏர்போர்ட் வண்டியில் ஏற்றிவிடுகிறாளே, எத்தனை வருஷமாக, அவையெல்லாம் இதே ஆகாயத்தில்தானே போயிருக்கும், அவற்றையாவது கட்டுக்கட்டாகச் சேர்த்துத்தான் அனுப்புவாள்...

டிக்கெட் போட்டது அவரேதான், அதுதான் இன்னும் புரியவில்லை. ஒரு சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்தவர் செல்போனை அவள் முன்னால் நீட்டி, "ராஞ்சிக்கு டிக்கெட் போட்டுட்டேன், சீப்பா கெடச்சுது" என்றார், அவ்வளவுதான், ஏன் என்று சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை, கேட்டால் மனசு மாறிவிடுவாரோ என்ற பயம், மூன்று கிறிஸ்துமஸ் ஆகிவிட்டது அந்த வீட்டில், ராஞ்சிக்காரப் பையனைக் கட்டிக்கொண்டு போன மகளின் பேரை, எஸ்லின் என்ற பேரை, யாரும் வாய்விட்டுச் சொல்லி. பிள்ளை பிறந்த செய்திகூட பண்ணையில் சாப்பாட்டு நேரத்தில், கூட வேலை செய்யும் நாராயணம்மாவின் போனில்தான் வந்தது, "நாராயணம்மாக்கா, அம்மா இருக்காங்களா" என்று எஸ்லினின் குரல், பொம்பளப்புள்ளம்மா, உன் மூக்கு, என்றாள், இவள் குளிர் அறைக்குள் போய் ரோஜாப் பெட்டிகளுக்கு நடுவே நின்று அழுதாள், உள்ளே யார் வந்தாலும் கண்ணும் மூக்கும் சிவந்துதான் போகும், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அதை இவள் அவரிடம் சொல்லவே இல்லை. அப்புறம் அவருக்கு யார் சொன்னது? குழந்தைக்கு ஞானஸ்நானம் வரும் ஞாயிற்றுக்கிழமை என்று எஸ்லின் சொன்னதும் இவளிடம் மட்டும்தானே, அதற்குச் சரியாக டிக்கெட் போட அவருக்கு எப்படித் தெரிந்தது?

சீப்பாகக் கிடைத்ததாம். அந்தச் சீப்பு டிக்கெட்டில் கையில் தூக்குகிற பை மட்டும்தான், அதற்கும் எடைக்கணக்கு, அது இவளுக்குத் தராசின் முன்னால் நின்றபோதுதான் தெரிந்தது. கேழ்வரகு மாவு, பிரசவ மருந்து, குழந்தைக்குப் பாவாடைத் துணி, வெள்ளைக் கவுன், கம்பளி... பார்த்துப் பார்த்துக் கட்டிய பையை அவர் எல்லார் முன்னாலும் தரையில் பிரித்துப் போட்டார், இருக்கிற சட்டைமேல் இன்னொரு சட்டை, அதன்மேல் கோட்டு, இவள் குழந்தையின் கம்பளியைத் தோளில் சால்வையாகப் போட்டுக்கொண்டாள், மாவுப் பையை அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் அவர் கன்னடத்தில் ஏதோ சொல்லிக் கொடுத்துவிட்டார், அந்த அம்மா கும்பிட்டு வாங்கிக்கொண்டாள், உள்ளே சோதனையில் தேங்காயெண்ணெய்ப் பாட்டிலும் போயிற்று. அத்திப்பள்ளி தாண்டும்போது பஸ்ஸில் மடியிலே கட்டிக்கொண்டு வந்த பை அது, இப்போது தலைக்கு மேலே எங்கோ இளைத்துப்போய்க் கிடக்கிறது. வியர்க்கிறது, கம்பளியை எடுக்கவும் மனசில்லை, தொண்டை வறண்டு ஒட்டிக்கொள்கிறது, வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள், காபி வாசனை, தண்ணீர் பாட்டிலுக்குக்கூட விலை, கேட்டால் ஒரு டம்ளர் சும்மா தருவார்களோ என்னவோ, எப்படிக் கேட்பது, எந்த பாஷையில் கேட்பது, காசெல்லாம் அவர் சட்டைப்பையில், உள்சட்டையா வெளிச்சட்டையா... வேண்டாம் என்று தலையாட்டினாள், வண்டி போய்விட்டது.

பெங்களூர்க்காரி தன் பாட்டிலை நீட்டினாள், நல்ல மனுஷி, "குடீரி, குடீரி" என்றாள், இவள் அண்ணாந்து இரண்டு மடக்குக் குடித்தாள். ஒப்பரேனா, தனியாகவா வந்தீர்கள், என்று கேட்டாள். "ஹௌது, ஒப்பளே" என்றாள் ஜெபமணி. ஆமாம், தனியாகத்தான்... ஏன் அப்படிச் சொன்னாள்? புருஷன் பின்னால் இருக்கிறார் என்றால் நான் மாறிக்கொள்கிறேன், அவரை இங்கே வரச் சொல்லுங்கள் என்பாளே, அதற்குப் பயந்தா? அவர் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகிவிடும்? வீட்டில் என்ன ஆகிறது? அவர் டிவியைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறார், இவள் அடுப்படியில் சாப்பிடுகிறாள், அதிகாலை ஷிப்டுக்கு எழுந்தால் உனக்குத் தூக்கம் கெடுகிறது என்றார் ஒருநாள், இவள் எஸ்லினின் அறைக்குப் பாயை எடுத்துக்கொண்டு போனாள், ஷிப்ட் மாறியது, பாய் மாறவில்லை. பொய் சொன்ன மாதிரியே இல்லை, அதுதான் பயமாக இருந்தது, அந்த மனுஷி முகத்தைப் பார்க்க முடியாமல், பாத்ரூம் போக வேண்டும் என்று சைகை காட்டி எழுந்தாள்.

பாத்ரூம் வால்பக்கத்தில். போகிற வழியில் அவர் சீட்டைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போனாள், ஆனால் அங்கே ஏற்கெனவே இரண்டு பேர் காத்திருந்தார்கள், அவள் நின்ற இடம் சரியாக அவர் சீட்டுக்குப் பின்னால், கோட்டுக் காலரும் நரைத்த பிடரியும் தெரிந்தன. பக்கத்து ஆள் பக்கமே திரும்பிப் பேசிக்கொண்டிருந்தார், இவள் தாண்டி வந்ததைக் கவனிக்கவில்லை. அவரா? காது அடைத்துக்கொண்டதாலோ என்னவோ, சத்தமாக, பக்கத்தில் முடியை ஒட்ட வெட்டிய ஓர் ஆள், பட்டாளத்துக்காரராக இருக்கும், தருமபுரிப் பக்கத்துப் பேச்சு.

"அந்தப் பையன வூட்டுக்குக் கூட்டியாந்ததே நாந்தான் சார். கம்பெனியில எங்க லைன்ல வேல செஞ்சவன். சுசீல்னு பேரு, நம்ம சபைதான். பண்டிகை அன்னிக்கு ரூம்ல தனியாக் கெடக்கறானேன்னு சோறு திங்கக் கூப்புட்டேன். நாந்தான் கூப்புட்டேன்."

"சரி சார், கட்டிக்கிட்டு நல்லாத்தான இருக்காங்க?"

"இருக்குதுங்க. அவந்தான் போன் பண்ணான், ஞானஸ்நானத்துக்கு வாங்கன்னு. அவன் வேலய வுட வெச்சதே நாந்தான், அவன் எனக்குப் போன் பண்றான் பாருங்க..."

"வூட்டுக்காரம்மா வர்லீங்களா?"

"முன்னாடி இருக்குது. சேந்து சீட்டு போட காசு கேட்டாங்க. காசு பெருசில்ல சார். பக்கத்துல உக்காந்தா கேக்கும்ல, அங்க போயி பொண்ணுகிட்ட இன்னா பேசப்போறீங்கன்னு. என் வாயில ஒரு வார்த்தையும் இல்ல. அதான் எங்க குடுத்தாலும் சரின்னுட்டேன்."

"கொழந்தயக் கையில வாங்குங்க சார், பேச்சு தானா வரும்."

அவர் பிடரியைத் தடவிக்கொண்டார். பிறகு, "எம் பொண்ணு கையில குடுக்குமா?" என்றார்.

பாத்ரூம் காலியாகி, யாரோ இவளைப் போகச் சொன்னார்கள், இவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அந்தச் சின்னக் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள், குழந்தையின் கம்பளி தோளில், மஞ்சள் வாத்து படம் போட்டது, எவ்வளவு கேவலமாக இருக்கிறது, இப்படியேவா இத்தனை பேர் முன்னால் வந்தாள்... வேலையை விட வைத்தவர் இவரா? அது இவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பாள்? சண்டை போட்டிருப்பாளா? கஞ்சத்தனம் என்று நினைத்தாளே, அது பயந்தாங்கொள்ளித்தனம்... அவருக்கு மட்டுமா? அவர் பயந்த கேள்வியை இவள் கேட்டிருக்கவே மாட்டாள், இத்தனை நாளில் ஒன்றுகூடக் கேட்டதில்லையே, கேட்காமல் இருப்பதைப் பொறுமை என்று நினைத்துக்கொண்டிருந்தாள், எதிரில் இருப்பவருக்கு அது எப்படி இருந்திருக்கும்? திரும்பி வந்து நடுச்சீட்டில் உட்கார்ந்தாள், பெல்ட்டைப் போடத் தெரியாமல் தடவினாள், பெங்களூர்க்காரி குனிந்து மாட்டிவிட்டாள், அவளிடம் இப்போது போய்ச் சொல்லலாமா, இல்லைங்க, அவரும் வந்திருக்கிறார் என்று... கன்னடத்தில் அதற்கு வார்த்தைகள் தெரியும், அவரிடம் பேசத் தமிழில்தான் கிடைக்கவில்லை.

ராஞ்சியில் குளிர் முகத்தில் அடித்தது. படியிறங்கினால் வாசல்வரை கொண்டுபோய் விட ஒரு பஸ், அதற்குக் காசில்லை, யார் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், முன்னால் இறங்கியதால் ஜெபமணிக்கு இரட்டைச் சீட்டு ஒன்று கிடைத்தது, பையைப் பக்கத்தில் வைத்து இடம் பிடித்துக்கொண்டாள். கடைசியில் வந்தவர்களோடு அவர் ஏறினார், கோட்டுக்குள் இரண்டு சட்டையோடு உப்பிப்போய், கதவோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்து நின்றார், அந்தப் பக்கத்தில்தான் வெளியே மகள் நிற்பாள் என்பதுபோல. இவள் பையை எடுத்து மடியில் வைத்தாள். சீட்டு காலியாக இருந்தது. நடுவே நாலைந்து பேர், எட்டித் தொட முடியாது, கூப்பிட வேண்டும், கூப்பிட வாயைத் திறந்தபோதுதான் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் நின்றுபோனாள். பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. கல்யாணமான புதிதில் தா, இந்தா என்று ஏதோ, அப்புறம் பிள்ளை பிறந்ததிலிருந்து எஸ்லினப்பா, எஸ்லினப்பா, வீடு முழுக்க அதுதான், அந்தப் பேர் போனபோது அதோடு இதுவும் போயிருக்கிறது, மூன்று வருஷமாக அந்த மனுஷனை அவள் எதுவுமே சொல்லிக் கூப்பிட்டதில்லை, தட்டை வைத்தால் சத்தம் கேட்டு வருவார், அவ்வளவுதான், இது எப்படி இத்தனை நாள் தெரியாமல் போயிற்று...

"எஸ்லினப்பா" என்றாள். பஸ் கிளம்பியது. அவர் திரும்பவில்லை, இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லையா, இல்லை அது தன்னைத்தான் என்று அவருக்கும் மறந்துபோயிற்றா... ஜெபமணி காலிச் சீட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் உரக்கக் கூப்பிடுவதற்காக மூச்சை இழுத்தாள்.