ரொட்டிக்காரி அழாத மூன்று நாள்

ரொட்டிக்காரியின் மகனை ஊரார் மூன்றாவது முறையாகக் கொன்ற வருடம் கோதுமை விலை பாதியாக இறங்கியது, முட்டை விலை கொஞ்சம் ஏறியது, மற்றபடி சொல்லும்படியாக எதுவும் நடக்கவில்லை. முதல் சாவுக்கு யாரும் பொறுப்பில்லை என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். கடையின் பின்கட்டில் அடுக்கியிருந்த மாவு மூட்டைகள் சரிந்து அவன் மேல் விழுந்தன. புதைத்தார்கள். தாய்க்காரி குழிமேட்டை விட்டு நகராமல் தொண்டை கட்டும்வரை அழுதாள். மூன்றாம் நாள் காலை அவன் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்துவந்து பசிக்கிறது என்றான். அதே வாரம், கருகிக் கிடந்த வயல்களில் கோதுமை இடுப்புயரத்துக்கு நிமிர்ந்தது. பாதிரியார் ஆனந்தத்தில் கயிறு அறும்வரை கோயில் மணியை அடித்தார். அடுத்த வருடம் பயிர் மறுபடி கருகியபோது மாவுமில்காரர் கடைக்கு வந்து, இரண்டு ரொட்டி வாங்கி, கையோடு காசையும் கொடுத்துவிட்டு, "தப்பா நினைக்காதீங்கக்கா, தம்பிதான் எப்படியும் திரும்பி வந்துடுறாரே" என்றார்.

அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. ஒரு வருடம் குளத்தில் அமுக்கினார்கள், ஒரு வருடம் மரத்தில் தொங்கவிட்டார்கள். முறைவைத்து ஆள் போட்டதால் யார்மீதும் தனியாகப் பழி விழவில்லை. ஒருமுறை ரொட்டிக்காரி மகனைக் கூட்டிக்கொண்டு ராவோடு ராவாக வேறு ஊருக்கு ஓடிப்பார்த்தாள். அங்கேயும் கோதுமைதான் போட்டிருந்தார்கள். விஷயம் தெரிந்ததும் அவனை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். தெரிந்த கைகளே தேவலை என்று திரும்பி வந்துவிட்டாள்.

பாதிரியாருக்குத்தான் தர்மசங்கடம். ஒருமுறை எழுந்தால் அற்புதம், வருடாவருடம் எழுந்தால் அதற்கு என்ன பெயர் வைப்பது? போதாக்குறைக்கு, சாக்கடைக் குழாய் பதிக்கக் கோயில் தரையைத் தோண்டியபோது, மடியில் பிள்ளையோடு உட்கார்ந்த ஒரு கல் தாய் கிடைத்தாள். மாதா சிலைதான் புதைந்துபோயிருக்கிறது என்று மாலை போட்டார்கள். கழுவிப் பார்த்தால் அவள் தலையில் மாட்டுக் கொம்பு இருந்தது. இன்னும் ஓர் ஆள் ஆழத்தில் வேறொருத்தி, அவள் மடியில் செத்த வாலிபன். பாதிரியார் யோசித்துப் பார்த்து, நம் ஆண்டவர் வரப்போவது சாத்தானுக்கு முன்கூட்டியே தெரிந்து காப்பியடித்துவிட்டான் என்று பிரசங்கம் செய்தார். பரீட்சைக்கு முன்பே விடைத்தாளைத் திருடியவன் கெட்டிக்காரன்தான் என்று பின்வரிசையில் இருந்த சரித்திர வாத்தியார் முணுமுணுத்தார்.

பூசைக்கான அப்பத்தைச் சுட்டுக் கொடுப்பவள் ரொட்டிக்காரி. அன்று கூடையோடு வாசலில் நின்றவள் வாத்தியாரை மறித்து, இப்படி வேறு யாராவது செத்துப் பிழைத்ததுண்டா என்று கேட்டாள். வாத்தியாருக்குக் கேட்க ஆள் கிடைத்ததே பெரிது. பன்றி குத்திச் செத்த அழகனைச் சொன்னார். அண்ணனைத் தம்பி துண்டு துண்டாக வெட்டி எறிய, பெண்டாட்டி ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கிச் சேர்த்ததைச் சொன்னார். மரத்தடியில் ரத்தம் கொட்டிப் பூவாக முளைத்தவனையும் விடவில்லை.

"அவங்க அம்மாக்கள் எல்லாம் என்ன பண்ணாங்க?"

"அழுவாங்கம்மா. அம்மாவோ பொண்டாட்டியோ, யாராவது ஒருத்தி அழுதே ஆகணும். பாதிரியார் கதையிலகூட கல்லறை வாசல்ல ஒருத்தி அழுதுட்டு நிக்கிறா பாருங்க."

நான்காம் முறை எழுந்துவந்த மகன், டம்ளரைப் பிடித்துக்கொண்டு, "போறது வலிக்கலம்மா, வர்றதுதான் வலிக்குது. யாரோ முடியப் புடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கு" என்று சொல்லியிருந்தான். இத்தனை வருடமாக இழுத்தது தன் அழுகைதான் என்று இப்போது அவளுக்கு விளங்கியது.

ஐந்தாவது சாவைச் செங்கல்லால் முடித்தார்கள். அவள் அழவில்லை. அழுகை முட்டும்போதெல்லாம் அவன் செய்த குற்றங்களை ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டாள். கல்லாவில் கை வைத்தது, எட்டாம் வகுப்பில் இரண்டு தரம் கோட்டை விட்டது, விருந்தாளிகள் முன்னால் அவளைக் கிழவி என்றது. கோபம் கண்ணைக் காயவைத்தது. வயலில் ஒரு கோதுமைத் தாள் கூட நிமிராததைப் பார்த்ததும், இவள் அழாததுதான் காரணம் என்று ஊர் சுதாரித்துக்கொண்டது. மில்காரர் மனைவி வந்து இரண்டு கன்னத்திலும் அறைந்தாள். அடிக்கு அழும் வயதை ரொட்டிக்காரி என்றைக்கோ தாண்டியிருந்தாள். அவன் குழந்தையில் போட்ட சட்டையைப் பெட்டியிலிருந்து தேடியெடுத்து நீட்டினார்கள். அவள் அதை வாங்கி அடுப்பின் கரியைத் துடைத்தாள். மூன்றாம் நாள் பொழுது சாய்ந்ததும், கெடு முடிந்தது என்று பாதிரியார் அறிவித்தார். பெற்ற பிள்ளைக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத இவளும் ஒரு தாயா என்று ஏசியபடி ஜனங்கள் கடைக் கண்ணாடியை உடைத்துவிட்டுப் போனார்கள்.

நான்காம் நாள் மதியம் அவள் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள். மனசு லேசாக இருந்தது. சும்மா ஒரு பழக்கத்தில் மகனின் குற்றங்களை மறுபடி எண்ணப்போனவளுக்கு, சின்ன வயதில் அவன் சூடு ஆறாத ரொட்டிகளின் முனையைக் கடித்துவிட்டு எலி தின்றுவிட்டது என்று சாதித்ததும், அந்த எலியின் வாயோரம் ஒட்டியிருந்த துணுக்கும் ஞாபகம் வந்தது. சிரித்தாள். கெடுதான் முடிந்துவிட்டதே, இனி ஒரு தாய் தன் பிள்ளைக்காக அழலாம் என்று அப்படியே உட்கார்ந்து ஆசைதீர அழுதாள். அழுகைச் சத்தம் கேட்டு, தெருவில் போன வாத்தியார் உள்ளே வந்தார்.

"அழாதீங்கம்மா. மூணு நாள் கணக்கெல்லாம் பாதிரியார் புத்தகத்துக்குத்தான். பழைய ஆளுங்க கதையில கெடுன்னு ஒண்ணு கிடையாது."

"இத ஏன் அன்னிக்கே சொல்லல?"

"நீங்க கேக்கலையேம்மா."

அதற்குள் மகன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். தலைமயிரில் மண், விரலிடுக்கில் பச்சைப் புல். முகம் வலியில் கோணியிருந்தது. நாற்காலியில் மெல்ல உட்கார்ந்து, "இந்தத் தடவ நல்லா தூங்கிட்டேன்மா" என்றான். அவள் அவன் முன்னால் ரொட்டியை வைத்தாள். அவன் முனையைத்தான் முதலில் கடித்தான்.

ஊர் அவளுக்குப் புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்தது. அறைந்தவள் வந்து மன்னிப்பும் கேட்டாள். அறுவடையில் கோதுமை மணி முன்னெப்போதையும்விடப் பருத்திருந்ததால், தாமதமாக எழுவதுதான் மண்ணுக்கு உகந்தது என்று மில்காரர் கண்டுபிடித்தார். இனிமேல் நான்காம் நாள் மதியத்துக்குமேல் அழுதால் போதும் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகி, அவளிடம் கேட்டார்கள். ஆயுசுக்கும் அழாமல் இருக்க முடியாது என்பது அவளுக்குத் தெரிந்துபோயிருந்தது. ஐந்தாம் நாள் என்று வைத்துக்கொள்ளலாமா என்று பேரம் பேசினாள். மில்காரர் பயிரை நினைத்துத் தயங்கினார். கடைசியில் நான்குக்கே ஒப்புக்கொண்டாள். பிள்ளை ஒரு நாள் கூடுதலாகத் தூங்குவான்.