கயிற்று முனையில் ஒரு விண்கல்

காலையில் ஒழுங்காகச் சுரக்கிற குதிரை உச்சி வெயிலில் ஏன் பாலை அடக்கிக்கொள்கிறது? அதுவும் கயிற்றின் ஒரு முனையில் மட்டும்? குதிரை மேய்க்கும் உல்கானுக்குப் பிடிபடவில்லை.

பசுவைப் போலக் குதிரையை உட்கார்ந்து கறந்துவிட முடியாது. தரையோரம் இழுத்துக் கட்டிய நீளக் கயிற்றில் குட்டிகளைப் பகலெல்லாம் பிணைத்து வைக்க வேண்டும். தாய்கள் கிர்கிஸ் மலைமேல் இருக்கும் சோங்-கோல் ஏரிக்கரையில் மேய்ந்துவிட்டுக் குட்டியைத் தேடி வரும். குட்டி வாய் வைத்து நாலு முறை முட்டினால்தான் பால் இறங்கும். உடனே குட்டியை விலக்கி, தாயின் விலாவில் சாய்த்துப் பிடித்தபடி கறக்க வேண்டும். குட்டி மிரண்டால் தாயும் மிரளும், பால் மேலேறிக்கொள்ளும்.

கிழக்கு முனையில் கட்டிய கறுப்புக் குட்டி மதியமானால் துள்ளிக் குதித்தது. உல்கான் அதை நடுவுக்கு மாற்றி, அங்கே செவலைக் குட்டியைக் கட்டினாள். செவலையும் துள்ளியது. ஆக, கோளாறு குட்டியில் இல்லை, இடத்தில் இருந்தது. அந்த இடத்தில் கயிற்றைப் பிடித்திருந்தது வானத்திலிருந்து விழுந்த கல்.

போன இலையுதிர் காலத்தில் விழுந்தது. கொழுத்த ஆட்டுக்கிடா அளவு கனம், முழுக்க இரும்பு. விழுந்த வேகத்தில் அவளுடைய சாம்பல் குதிரையைக் கொன்றுபோட்டது. இந்தக் கோடையில் மேய்ச்சலுக்கு ஏறி வந்ததும், முளைக்குச்சிக்குப் பதிலாக அந்தக் கல்லையே உருட்டி வந்து கயிற்றைக் கட்டினாள். "என் குதிரையைக் கொன்னுச்சில்ல? இனி என் குதிரைக்கே வேலை செய்யட்டும்" என்றாள்.

பக்கத்துக் கூடாரத்து தோலோத்துக்கு அது பொறுக்கவில்லை. அவர்தான் அந்த மேய்ச்சல் நிலத்துக்குப் பெரியவர்.

"ஏம்மா உல்கான், வானம் குறி வச்சு அடிச்சிருக்கு. நீ அதைக் கொண்டுவந்து பால் கறக்கிற இடத்துல வச்சிருக்கே. பாரு, பால் வத்துது."

"குறி வச்சா அடிச்சுச்சு? குறி வைக்கத் தெரிஞ்சா வானம் உங்க சேவலையில்ல முதல்ல அடிச்சிருக்கும் அண்ணே! விடியறதுக்கு முன்னாடியே கத்துதே."

"சிரி, சிரி. நாளைக்கு எல்லாரும் கூடுறோம். கல்லு ஏரிக்குள்ள போகணும், இல்லேன்னா நீ இந்த ஓடைக்கரையை விட்டு மலை மேல போகணும்."

மேலே தண்ணீர் கிடையாது. தண்ணீர் இல்லாத இடத்தில் பால்குதிரை நிற்காது. பால் இல்லாவிட்டால் அதைப் புளிக்கவைத்து விற்கும் குமிஸ் இல்லை, அந்தக் காசில் குளிர்காலத்துக்கு வாங்கும் மாவும் இல்லை. கல்லை ஏரியில் போட்டால் இடம் மிஞ்சும்தான். ஆனால் வானம் அவளைத் தண்டித்தது என்று அவளே கைநாட்டு வைத்த மாதிரி ஆகும். அதற்கு அவள் தயாராக இல்லை.

இதையெல்லாம் படம் பிடிக்கத் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து தெமிர்லான் வந்திருந்தான். பேய்ப்படம் எடுத்துப் பேர் வாங்கியவன். விண்கல்லைப் பற்றி முதல்முறையாக ஆவணப்படம் எடுக்கிறான்.

"பேய்ப்படம் சுலபம் அக்கா. கல்லுக்கு ஒரு மனசைக் குடுத்துட்டாப் போதும். அது உங்களை வெறுக்குதுன்னா ஜனங்க சீட்டு நுனிக்கு வந்துருவாங்க. நிஜக் கல்லுக்கு மனசே கிடையாதே! நீங்க இருக்கிறதே அதுக்குத் தெரியாது. அதை எப்படிப் படமாக்குறது?"

"அதான் தம்பி பயங்கரம். வெறுத்தாலாவது நம்மளை ஒரு ஆளா மதிக்குதுன்னு இருக்கும்." அவள் தேநீரை ஊற்றினாள். "என்னை மதிக்காத கல்லுக்கு நான் எதுக்குப் பயப்படணும்? சரி, குட்டி துள்ளுறதை எடுத்தியே, காட்டு."

அவன் கேமராவின் சின்னத் திரையைத் திருப்பினான். உச்சி வெயில், கறுப்புக் கல், குட்டி மூக்கை நீட்டுகிறது, துள்ளுகிறது. மறுபடி உச்சி வெயில், வேறு குட்டி, அதே துள்ளல். எட்டுத் துண்டுகளை வரிசையாக ஒட்டியிருந்தான். பார்க்கிறவர்களுக்கு முதுகுத்தண்டு சிலிர்க்கும்.

"துள்ளாத நேரம் எதுவுமே எடுக்கலையா?"

"எடுத்தேன். ஒதுக்கிட்டேன். அதுல ஒண்ணுமே நடக்கல அக்கா. கொட்டாவி வரும்."

"கொட்டாவியைக் காட்டு."

ஒதுக்கிய துண்டுகள் வந்தன. விடியற்காலையில் கறுப்புக் குட்டி அதே கல்லின் மேலிருந்த பனித்துளியை நக்கிக்கொண்டிருந்தது. மேகம் மூடிய ஒரு நண்பகலில் செவலைக் குட்டி கல்லின் மேல் தாடையை வைத்துத் தூங்கி வழிந்தது.

உல்கான் கோப்பையை வைத்துவிட்டு வெளியே போனாள். வெயில் தலைக்கு நேராக நின்றது. ஓடைக்கரைக் கல் ஒன்றின் மேல் உள்ளங்கையை வைத்தாள். சூடு, ஆனால் பொறுக்க முடிந்தது. பிறகு விண்கல்லின் மேல் வைத்தாள். ஆவென்று கையை உதறினாள்.

பின்னால் ஓடி வந்த தெமிர்லான் தானும் தொட்டுப் பார்த்துவிட்டு விரலை வாயில் வைத்துக்கொண்டான். "இது இரும்பாச்சே!" என்றான். "ரெண்டும் ஒரே வெயில்லதான் கிடக்கு. ஆனா சாதாரணக் கல்லு தன் சூட்டை மெதுவா விடும். இரும்பு உள்ளுக்குள்ள இருக்கிற சூட்டையும் சேர்த்து ஒரே மூச்சுல கையில கொட்டிரும். வாணலி சுடுது, அதோட மரக்கைப்பிடி சுடுறதில்ல பாருங்க, அதே கதை. குட்டிக்கோ மூக்கு நுனித் தோல் ரொம்ப மெல்லிசு."

"இவ்வளவு நாள் முளைக்குச்சி மரமா இருந்துச்சு" என்றாள் உல்கான். "நான்தான் வீம்புக்கு இரும்பைக் கொண்டுவந்து கட்டினேன். மரம் சுட்டு எந்தக் குட்டியாவது அழுதிருக்கா?"

சத்தம் கேட்டு தோலோத் அக்கம்பக்கத்துக் கூடார ஆட்களோடு வந்துவிட்டார்.

"வாங்க அண்ணே. இது பாவிக்கு மட்டும் சுடுமா, எல்லாருக்கும் சுடுமான்னு பாத்துரலாம். கையை வைங்க."

அவர் தாடியைத் தடவினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கையில் வைக்காமலும் போக முடியாது. வைத்தார். அடுத்த நொடி எகிறினார். அந்தக் குட்டிகூட அவ்வளவு உயரம் துள்ளியதில்லை.

"இதைப் படம் புடிச்சியா தம்பி?"

"புடிச்சேன் அக்கா."

"அதை அழிடா!" என்றார் தோலோத், கையை விசிறிக்கொண்டே. கொஞ்ச நேரம் கழித்து, "சரி, சுடத்தான் சுடுது. அப்ப அதைத் தூக்கி எறிஞ்சுட்டு குச்சியை நடேன்" என்றார்.

"மாட்டேன். இது என்கிட்ட வேலைக்கு வந்தது. வேலையை விட்டு நீக்க மாட்டேன். மண்வெட்டி குடுங்க."

கல் இருந்த இடத்திலேயே தொடை ஆழத்துக்குக் குழி வெட்டினார்கள். கயிற்றை இறுகச் சுற்றிக் கட்டிக் கல்லை உள்ளே உருட்டினார்கள். கயிற்று நுனியை மட்டும் வெளியே விட்டு மண்ணை மிதித்து நிரப்பி, மேலே புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டியைப் பதித்தார்கள். மண்ணுக்குள் இருக்கும் இரும்பின் மேல் வெயில் படாது. வெயில் படாத இரும்பு சுடாது. சுடாவிட்டால் குட்டி மிரளாது, குட்டி மிரளாவிட்டால் தாய் பாலை அடக்காது. புதைத்த கனம் குச்சியைவிடக் கெட்டியாகக் கயிற்றைப் பிடிக்கும். அன்று பிற்பகலே கிழக்கு முனைக் குதிரை பாலை அடக்காமல் கறந்தது. மறுநாள் கூட்டம் என்ற பேச்சையே தோலோத் எடுக்கவில்லை.